ஆவணக் காப்பகத்தில் தற்காலிக உதவியாளர்: பழைய கோப்புகளுக்கு நடுவே ஒரு நாட்சம்பள வேலை

ஜோர்ஜ்டவுன், ஜாலான் பி.ரம்லியில் உள்ள வீட்டைக் கடந்து போகாத பினாங்குவாசி குறைவு. 1929இல் பி.ரம்லி பிறந்த அந்த வீட்டைப் பராமரிப்பது தேசிய ஆவணக் காப்பகம் என்பது பலருக்குத் தெரியாது. 'அர்கிப் நெகாரா' என்றால் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பெரிய கட்டடம், பேராசிரியர்கள் போகும் இடம் என்ற எண்ணமே நம்மிடையே பரவலாக இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளும் அங்கே தற்காலிகமாக வேலை செய்யலாம் என்று சொன்னால், தோட்டத்தில் மட்டுமல்ல, பட்டணத்திலும் சட்டென்று நம்ப மாட்டார்கள்.

நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில், 1957 டிசம்பர் 1இல், பொதுப் பதிவேட்டு அலுவலகம் என்ற பெயரில் இந்தத் துறை தொடங்கியது. 1963இல் தேசிய ஆவணக் காப்பகம் ஆனது. இன்று அது இயங்குவது 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின் கீழ். எந்த அரசாங்க இலாகாவும் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் தன் கோப்புகளை அழிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. 25 ஆண்டுகளைத் தாண்டிய, நிலையான மதிப்புள்ள கோப்புகள் காப்பகத்திற்கு வந்து சேர வேண்டும். அப்படி வண்டி வண்டியாக வரும் காகிதத்தை யாராவது துடைத்து, எண்ணிட்டு, அடுக்க வேண்டும். தற்காலிக உதவியாளருக்கு வேலை பிறப்பது இங்கேதான்.

அரசாங்க இலாகாக்களில் இத்தகைய வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'பெக்கெர்ஜா சம்பிலான் ஹரியான்' எனப்படும் நாட்சம்பளப் பகுதிநேர ஊழியர். மற்றது, 2021இல் தொடங்கிய மைஸ்டெப் போன்ற குறுகிய கால ஒப்பந்தம். இரண்டுமே நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் அல்ல. 'கவர்மெண்டு வேலை கிடைத்துவிட்டது' என்று வீட்டில் இனிப்பு வாங்குவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. நிரந்தரப் பணிக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். மலாய் மொழித் தேர்ச்சி கட்டாயம் பார்க்கப்படும். சேரும்போது சேமநிதி, சொக்சோ பிடித்தம் உண்டா, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கையில் பென்சில், மூக்கில் முகக்கவசம்

வேலை மெதுவானது. ஒரு கோப்பைத் திறந்தால் முதலில் செய்வது துரு பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் எடுப்பது. துரு காகிதத்தை ஓட்டை போட்டுவிடும். பிறகு மென்மையான தூரிகையால் தூசு தட்டி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் வரிசை எண் எழுத வேண்டும். பேனா அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. மை சிந்தினால் போனது போனதுதான்; பென்சில் கோட்டை அழித்துவிடலாம்.

சினிமாவில் காட்டுவதுபோல் வெள்ளைக் கையுறை எப்போதும் போடுவதில்லை. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு உணர்வாகத் தெரியாது. நைந்த தாள் கிழிந்துவிடும். காகிதத்திற்குக் கழுவித் துடைத்த உலர்ந்த கையே மேல். புகைப்படத்திற்கும் நெகட்டிவுக்கும்தான் கையுறை.

நம் நாட்டின் ஈரக்காற்று காகிதத்திற்குப் பெரிய எதிரி. பூஞ்சை, கறையான், ராமபாணப் பூச்சி மூன்றும் அதன் உறவுக்காரர்கள். அதனால்தான் கோப்புக் கிடங்கில் பகலும் இரவும் குளிரூட்டி ஓடுகிறது. பழைய இரும்பு மை கொண்டு எழுதிய கடிதங்களில் எழுத்து இருந்த இடமே அரித்துப்போய் சல்லடை மாதிரி நிற்கும். அவற்றை மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டிச் சீர்செய்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை. உதவியாளர் அதில் கை வைக்க மாட்டார்.

துடைத்து எண்ணிட்ட கோப்புக்கு வரவு எண் தருவார்கள். 1957/0012345 என்ற பாணியில், ஆண்டும் ஒரு சாய்கோடும் ஏழு இலக்கமும். ஆய்வாளர் அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், உதவியாளர் கிடங்கில் தேடி எடுத்து வருவார். திருப்பி வைக்கும்போது ஒரு பெட்டி மாறினால் அந்தக் கோப்பு ஏறக்குறைய தொலைந்த மாதிரிதான். காப்பகத்தில் களவுபோனதைவிட இடம் மாறிப்போனது அதிகம் என்று உலகெங்கும் சொல்வார்கள்.

'தெர்ஹாட்', 'சூலிட்', 'ரஹ்சியா', 'ரஹ்சியா பெசார்' என்ற நான்கு முத்திரைகளில் ஏதாவது ஒன்று இன்னும் நீக்கப்படாமல் இருக்கும் கோப்பைப் பற்றி வெளியே பேசக்கூடாது. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் தற்காலிக ஊழியரையும் கட்டுப்படுத்தும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வாட்சாப்பில் போடுவது விளையாட்டுக் காரியம் அல்ல.

தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால்

அக்காலக் குமாஸ்தாக்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ராமசாமி மூன்று கோப்பில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். முனியாண்டி, முனியன், முனிசாமி மூவரும் ஒருவராகிப் போவதும் உண்டு. மனுக்களின் அடியில் பெருவிரல் ரேகை இருக்கும். சிலவற்றில் தமிழ்க் கையெழுத்தும் தமிழ் எண்களும் இருக்கும். பட்டியல் தயாரிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தத் தாளுக்கு 'வேற்றுமொழிக் கடிதம்' என்ற குறிப்போடு கதை முடிந்துவிடும். பட்டியலில் பெயர் ஏறாத தாளை எந்தப் பேரப்பிள்ளையாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பெண்ணோ பையனோ அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான் முக்கியம். வேலை விளம்பரங்களில் இது ஒரு தகுதியாகக் குறிப்பிடப்படாதது வருத்தமே.

பினாங்கைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் அமைந்தன. 1832இல் தலைநகர் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது. கோப்புகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1800 முதல் 1867 வரையிலான நீரிணைக் குடியேற்றப் பதிவுகள் இன்று சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் உள்ளன. இலண்டனிலும் தொடர்புடைய பதிவுகள் உண்டு. கலிடோனியா, பத்து காவான் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முன்னோரைத் தேடுபவர், கப்பல் கிளம்பிய கரையையும் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அன்றைய மதராஸ் அரசின் குடிபெயர்வுக் கோப்புகள் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியது. தாத்தா வந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தாலே எந்தக் கோப்பைத் தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும்.

எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது

சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் மூத்தவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் 'பழைய சூராட் எல்லாம் அர்கிப்பில் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி அலைகிறார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை விவகாரம் தேசியப் பதிவிலாகாவைச் சேர்ந்தது. அடையாள அட்டைப் பதிவு மலாயாவில் 1948இல் தொடங்கியது. அதற்கு முந்தியவர்களைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் கிடைக்கக்கூடியது துணைச் சான்று மட்டுமே: தொழிலாளர் இலாகாக் கோப்பு, அரசிதழ் அறிவிப்பு, தோட்டம் பற்றிய கடிதப் போக்குவரத்து. இன்ன ஆண்டில் இன்ன தோட்டம் இயங்கியது என்று காட்ட அது உதவலாம். குடியுரிமை வாங்கித் தராது. போவதற்கு முன் காப்பகத்தின் இணையத் தேடுதளத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுப் பார்த்து, வரவு எண்ணைக் குறித்துக்கொண்டால் ஒருநாள் அலைச்சல் மிச்சம்.

காப்பகத்திற்கு வராமலேயே போனவைதான் அதிகம். தோட்டம் தனியாருக்குச் சொந்தம். கிராணியின் செக்ரோல் புத்தகம் அரசாங்கப் பதிவேடு அல்ல. 1950களின் இறுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், ஆபீசு அலமாரியில் இருந்ததை எடுத்துவைக்க யாருக்கும் கடமை இருக்கவில்லை. தினமும் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்பட்ட பெயர்கள் அந்தப் புத்தகங்களில் இருந்தன.

கோயில் கமிட்டிக் கணக்கு, தொழிற்சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு, தமிழ்ப்பள்ளியின் பழைய படம், கப்பல் டிக்கெட் போன்றவை யாருடைய வீட்டிலாவது இருந்தால், தனியார் ஆவணமாகக் காப்பகத்திற்கு நன்கொடையாகத் தரலாம். கொடுக்கும் முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்புக் கடிதம் கேட்டு வாங்குங்கள். படங்களின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதினால் நல்லது. முக்கியமாக, லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் ஏறிய தாளை அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒளிபுகாத பெட்டியில், தரையில் படாமல், சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி வைத்தாலே போதும்.