எட்டாத எச்சரிக்கை

வளாகத்தில் அபாய மணி அடித்தால் யார் யாருக்குச் சொல்வது என்பதை இன்று பல்கலைக்கழகங்களின் காவற்பிரிவுகள் பார்த்துக்கொள்கின்றன. போர்க்காலக் கொழும்பிலோ, ஒரு பல்கலைக்கழகத் தலைவரே நகரின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது. தேர்ஸ்டன் வீதிப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபர் ஐவர் ஜெனிங்ஸ், ஒலிவர் குணதிலக்கவின் கீழ் குடிசார் பாதுகாப்புப் பிரதி ஆணையாளராகவும் பணியாற்றினார். அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1942 யூலை 1இல் இலங்கைப் பல்கலைக்கழகமானபோது அவரே முதல் துணைவேந்தர்.

அதற்கு மூன்று மாதம் முன்னர்தான் கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பிவிட்டார். துறைமுகக் கப்பல்கள் பலவும் தப்ப வழி பிறந்தது. ஆனால் மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில், ராடர் தரவேண்டிய எச்சரிக்கை வெள்ளவத்தைக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமானத்தளத்தை எட்டவேயில்லை. தலைக்கு மேலே பகை விமானங்களைக் கண்ட பின்னரே விமானிகள் ஓடினர். (நிருபர் அனுப்பிய செய்தி ஆசிரியர் மேசையை அடையாத இரவுகளைக் கண்டவன் நான், கருவி பழுதானால் திருத்திவிடலாம், இடையில் நிற்கும் ஆளைத் திருத்துவதுதான் பெரும்பாடு.)

கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் 'டெனடோஸ்', 'ஹெக்டர்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அதன்பின் எந்தச் சங்கொலிக்கும் காத்திராமல், மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் கொழும்பை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறினர்.