காஞ்சியிலிருந்து கொல்லிமலைக்கு: ஒரு பூர்வகதையும் இரண்டு கோடுகளும்

காரவள்ளி வழியாக ஏறினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை ஆகாயகங்கை அருவிக்காகப் போனேன். அதற்கப்புறம் போனதெல்லாம் ஒரே ஒரு கேள்விக்காக.

கேள்வியைக் கிளப்பி விட்டவர் சோளக்காடு சந்தையில் பார்த்த ஒரு பெரியவர். பலாப்பழம் விலை பேசிக்கொண்டிருந்தபோது, "நீங்க ஆதியிலேர்ந்தே இந்த மலைதானுங்களா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க" என்றார். நேற்று பஸ் ஏறி வந்தவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்கிறார்கள். பேசுவது தமிழ். மலை முழுக்க வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்திருக்கிறது.

பெரியவர் சொன்ன கதை எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலும் இருக்கிறது. காஞ்சியை விட்டுக் கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் மணந்தது வேறு வேறு சாதிப் பெண்களை.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியுமா? கதையில் வருஷம் கிடையாது. கொல்லிமலையோ சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்டான், காரியோடு போரிட்டு மாண்டான். அறப்பளீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அப்படியென்றால் அண்ணன் தம்பிகள் வருவதற்கு முன்னாடியே இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் கலந்துதான் இன்றைய மலையாளிகள் என்பது என் ஊகம். கதையில் வரும் கல்யாணங்களும் அதைத்தான் சொல்கின்றன.

இதைப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கலாஷ் மக்களைப் பற்றித் தெரிய வந்தது. பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் பம்புரெத், ரும்பூர், பிரீர் என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் வாழ்கிறார்கள். மொத்தமே சுமார் 4000 பேர். சுற்றிலும் இஸ்லாம், நடுவில் இவர்கள் மட்டும் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள். இவர்களுக்கும் ஒரு பூர்வகதை உண்டு: அலெக்சாந்தரின் படைவீரர்களுடைய வாரிசுகள் என்று. 2015ல் வந்த மரபணு ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் சுற்றுலாக்காரர்கள் கதையை விடுவதாயில்லை.

கலாஷ் மக்கள் இன்றும் தங்கள் மதத்தோடு இருப்பதற்கு முக்கியக் காரணம் ஒரு கோடு. 1893ல் போட்ட டூரண்ட் எல்லைக்கோட்டில் சித்ரால் பிரிட்டிஷ் பக்கம் வந்தது. மேற்கே இருந்த அவர்களுடைய பக்கத்து மக்கள் ஆப்கன் பக்கம் போனார்கள். இரண்டே மூன்று வருஷத்தில் அமீர் அப்துர் ரஹ்மான் படையெடுத்து அவர்களை மதம் மாற்றினார். காஃபிரிஸ்தான் நூரிஸ்தான் ஆனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் கலாஷ் தப்பினார்கள்.

நம் ஊரிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. 1976 திருத்தத்துக்குப் பிந்தைய பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் 1997ல் சேலத்திலிருந்து பிரிந்தது, அதனால் கொல்லிமலைக்காரர்களுக்குச் சிக்கல் இல்லை. ஈரோடு 1979ல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. ஆக, ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பல பத்தாண்டுகளாகக் கேட்டும் வருகிறார்கள்.

சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் படிப்பில் இடஒதுக்கீடு இல்லை, வேலையில் இல்லை. வன உரிமைச் சட்டத்திலும் பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

சாஃப்ட்வேர்காரன் புத்திக்கு இது பழைய கோட் மாதிரி தெரிகிறது. என்றைக்கோ யாரோ எழுதி வைத்த ஒரு நிபந்தனை. அதைத் திருத்தாமல் வைத்திருப்பதால் இன்றைக்கும் ஒரு பையனுடைய விண்ணப்பம் தள்ளுபடி ஆகிறது.

மூன்று அண்ணன் தம்பிகளில் யார் எந்த மலைக்குப் போனார் என்று மாசக்கணக்கில் தேடியிருக்கிறேன். அந்தத் தேடலில் பட்டியலை ஒரு தடவை கூடத் திறந்து பார்க்கத் தோணவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த பயணம் பர்கூர். அங்கேயும் காஞ்சிக் கதையைச் சொல்கிறார்களா என்று கேட்கணும். அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்.