வாசி

“பாத்துப் போட்டுக் குடுங்க தம்பி.”

திருப்பூர் வட்டாரத்தில் யாரோடு தொழில் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். விலையைக் குறை என்று யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நீயே பார்த்து நீயே குறைத்துக்கொள் என்று பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டு, காபிக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

2016-இல் பகலில் கோவையில் மென்பொருள் வேலை, இரவில் டிசைன் வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு லோகோ, லேபிள், பெட்டி அட்டை, 12 பக்கக் கேட்டலாக் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்று மெயில் அனுப்பியிருந்தேன். உரிமையாளர் நேரில் வரச் சொன்னார். தன்மையான மனிதர். மேசை மேல் ஒரு காஸ்டிங் ஷீட்டை விரித்தார். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே பைசா வரைக்கும் கணக்கு.

“இதுல உங்க டிசைனை நான் எந்த வரியில சேத்தறதுங்க தம்பி?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்து, “கம்ப்யூட்டர்ல எத்தனை மணி நேரமுங்க ஆகும்?” என்றார். நான் யோசிக்காமல் 20 மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது தெரிந்தது. 8 மணி நேர ஷிப்ட் என்றால் இரண்டரை ஷிப்ட். அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. 9,000-த்துக்கு முடிந்தது. எழுந்தபோது ஆறுதலாகச் சொன்னார்: “நம்ம கம்பெனிக்குப் பண்ணுனா உங்களுக்கும் ஒரு பேரு ஆகுமல்லங்க.”

அவினாசி வழியாகத் திரும்பினேன். வழியில் திருமுருகன்பூண்டி. சாலையோரம் சிற்பப் பட்டறைகள், உளிச்சத்தம், கல்தூசி. கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினேன். பக்தி ஒன்றும் பெரிதாக இல்லை. சம்பளம் பறிபோன ஒருவரின் கதை அந்தக் கோயிலில் இருப்பது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

சுந்தரர் கொடுங்கோளூரில் நண்பர் சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுக் கிளம்புகிறார். பொன்னும் மணியும் ஆடையும் ஆட்கள் சுமந்துவரத் திருவாரூர் நோக்கிப் பயணம். பூண்டி அருகே வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். அந்த வேடர்கள் சிவனின் பூதகணங்கள், அனுப்பியதும் அவர்தான் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் சொல்லும் காரணம்தான் எனக்குப் பிடித்தது. தன் தொண்டர் தன்னிடம் மட்டுமே பொருள் பெற வேண்டும், வேறொருவர் கொடுத்துப் பெறக் கூடாது என்று சிவன் நினைத்தாராம். வேறு கிளையண்ட் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் ஷரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவேதான். சுந்தரரும் சும்மா இருக்கவில்லை. வழிப்பறி நடக்கிற இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று பதிகம் முழுக்கச் சண்டை போடுகிறார். ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பறிபோனதெல்லாம் கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தது என்கிறது கதை. இன்றும் அந்த ஊரில் வேடுபறித் திருவிழா நடக்கிறது.

அன்று இரவு வீட்டில் மற்ற நாயன்மார்களின் பணக்கதைகளைத் தேடிப் படித்தேன். திருவீழிமிழலையில் மாட்டிக்கொண்டேன்.

பஞ்ச காலம். சம்பந்தரும் அப்பரும் அடியார்களோடு அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். சோறு போட வேண்டும். சிவன் தினமும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு வைக்கிறார். அப்பரின் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தருடைய காசுக்கு வாசி கேட்கிறார்களாம். வாசி என்றால் வட்டம், கழிவு. காசின் முகத்தில் உள்ள மதிப்புக்கும் கடைக்காரர் ஒப்புக்கொள்ளும் மதிப்புக்கும் நடுவே விழுகிற பள்ளம். அந்த வாசியைத் தீர்த்துத் தரும்படி சம்பந்தர் ஒரு பதிகமே பாடினார்.

ஒரே இறைவன், ஒரே ஊர், ஏன் இரண்டு தரக் காசு? சேக்கிழார் விளக்குகிறார். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் வாசியில்லாக் காசு. சம்பந்தர் மகன் முறை, அதனால் வாசியோடு காசு. உரையாசிரியர்கள் இதற்குப் பக்தி வழியில் பொருள் சொல்வார்கள். எனக்கு அன்று பட்டது வேறு. புல் செதுக்கியது கண்ணுக்குத் தெரிகிறது, முழுக்காசு கிடைக்கிறது. பாட்டு மட்டும் என்றால், நம்ம பிள்ளைதானே என்று காசு குறைகிறது. என் 25,000 ரூபாய்க்கும் 9,000 ரூபாய்க்கும் நடுவே விழுந்த பள்ளத்துக்கு அன்று ஒரு பழைய பெயர் கிடைத்தது.

கண்ணுக்குத் தெரிகிற அளவை நாமே எடுத்துக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். 1971-இல் போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணக்குப்பதிவியல் கற்பித்த பில் நைட், அங்கே படித்த கரோலின் டேவிட்சனிடம் தன் ஷூ கம்பெனிக்கு ஒரு சின்னம் வரையச் சொன்னார். அவர் மணிக்கு 2 டாலர் கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தவர். பில் 35 டாலர். வகுத்துப் பார்த்தால் பதினேழரை மணி நேரம். அந்தச் சின்னம்தான் நைக்கியின் டிக். 1983-இல் கம்பெனி அவருக்கு ஒரு மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் அது கொடுத்தவரின் மனசு. பில்லில் இருந்தது மணி நேரம் மட்டுமே.

சரி, அந்தப் “பேரு ஆகும்” என்ற ஆறுதல்? அதற்கும் இந்த மண்ணில் ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் பேரூரிலும் கரூரிலும் கிடைத்த கல்வெட்டுகள். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசர் கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்கு வெளியிட்ட ஆணை. கம்மாளர் என்றால் தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், கல்தச்சர் ஐவரும். தன் 15ஆம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் அவர்களுக்குச் சில உரிமைகள் தருவதாக அரசர் அறிவிக்கிறார். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு போடலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

கடைசி இரண்டையும் திரும்பப் படியுங்கள். கோயில் எழுப்பிய கைகளுக்குத் தன் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சாமி செதுக்கியவர் செருப்பு போட அனுமதி வாங்க வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஆணையில் கூலி பற்றிப் பேச்சில்லை, கௌரவம்தான் இருக்கிறது. அந்தக் கௌரவம் நிஜமானது, ஏனென்றால் அதுவரை அது இல்லை. எனக்குத் தரப்பட்ட பேரோ செலவில்லாதது. இரண்டையும் ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். அந்த ஆணை தனி ஆளுக்குப் போடப்பட்டதல்ல, கம்மாளர் என்ற கூட்டத்துக்கு.

திருப்பூரின் காஸ்டிங் ஷீட்டில் தையலுக்கு ஒரு வரி இருப்பதற்கும் பின்னால் கூட்டம் இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தம் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு தொடங்க ஒரு எண் இருக்கிறது. என்னைப் போல இரவில் தனியாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த எண்ணும் இல்லை, சேர்ந்து மறுக்க ஆளும் இல்லை. நான் முடியாது என்றால் இன்னொரு பையன் 7,000-த்துக்குச் செய்வான். அந்தப் பையனாக நானே இருந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் மறுபடி பூண்டிக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் மாமா இருந்தார். மூன்றடி விநாயகர் சொல்ல வேண்டும். இந்த முறை நாங்கள்தான் பட்ஜெட் இல்லாத கிளையண்ட். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கவைத்தார். பிறகு தொகை சொன்னார். எங்கள் வசூலைவிட அதிகம்.

மாமா அந்த வாக்கியத்தை எடுத்தார். “பாத்துப் போட்டுக் குடுங்க.”

“பாத்துத்தானுங்க சொன்னேன்” என்றார் அவர்.

கோபமில்லை, சிரிப்புமில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். “ரெண்டரை அடியாப் பண்ணிக்கலாமுங்க. இல்லீன்னா மூணடியே இருக்கட்டும், பின்னாடி பிரபாவளி வேண்டாம். வேலையைக் குறைச்சுக்கலாம். கூலியைக் குறைச்சா எங்கியோ ஒரு எடத்துல உளி தானா வேகமாப் போயிருமுங்க. அது உங்களுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.”

எத்தனை நாள் வேலை என்று மாமா கேட்டார். நாள் கணக்கு அவர் சொல்லவே இல்லை. “ஆவணில லாரி ஏத்தீர்றனுங்க” என்றார். கல்லுக்கு அட்வான்ஸ், பாதி வேலையில் ஒரு பங்கு, லாரி ஏற்றும்போது மீதி. பிரபாவளி இல்லாமல் மூன்றடி என்று முடிவானது. திரும்பி வரும்போது, ஆள் கறார் என்று மாமா இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவரால் மறுக்க முடிந்தது எப்படி என்று பிறகு யோசித்தேன். மூன்று பக்கமும் பட்டறைகள். அங்கே போய்க் கேட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று மாமாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தத் தெருதான் அவருக்குக் கூட்டம்.

அதன்பிறகு நான் மணி நேரம் சொல்வதில்லை. மொத்தத் தொகையாக இல்லாமல் லோகோ தனி, லேபிள் தனி, கேட்டலாக் தனி என்று பிரித்து எழுதுகிறேன். குறைக்கச் சொன்னால் எதை எடுத்துவிடலாம் என்று கேட்கிறேன். கோவையிலும் திருப்பூரிலும் டிசைன் செய்யும் நண்பர்கள் ஆறு பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். யார் எந்த வேலைக்கு எவ்வளவு கேட்டோம், எவ்வளவுக்கு முடிந்தது என்பதை மறைக்காமல் போடுகிறோம். வெட்கமாக இருந்தாலும் போட வேண்டும் என்பது ஒரே விதி. குழுவின் பெயர் “வாசி”. போன மாதம்கூட ஒருவன் 12,000 கேட்டு 8,000-த்துக்கு முடித்ததாகப் போட்டான். கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: “எதை எடுத்துட்டுக் குறைச்சே?”

அவன் இன்னும் பதில் போடவில்லை.