சிவந்துபோன படமும் பாட்டில் மையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து மாட்டியிருக்கும். ஒன்று தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம், 1960களில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஓரம் கொஞ்சம் பழுப்பேறியதைத் தவிர அப்படியே இருக்கு. இன்னொன்று 2006 பொங்கலன்று வாசலில் நின்று எடுத்த குடும்பப் படம். அதில் அம்மா கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் பட்டு. இப்போது பார்த்தால் செங்கல் நிறம். வானம் வெறும் வெள்ளை, அப்பாவின் முகம் காவி. அப்பா இருக்கும் கடைசிப் படம் அது. மூலக் கோப்பு ஒரு சிடியில் இருந்தது. அந்த சிடியை இன்று எந்த டிரைவும் படிப்பதில்லை.

அச்சடித்துக் கொடுத்தவர் மாமா. ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆறு நிற இங்க்ஜெட் பிரிண்டர், அதன் பக்கத்தில் டியூப் போட்டு இணைத்த ஆறு பாட்டில்கள், உள்ளே கம்பெனிப் பெயர் இல்லாத மை. "லோக்கல் இங்க் போட்டா இப்படித்தான் ஆகும் மாமா" என்று பல வருஷம் அவரைக் குத்திக்காட்டியிருக்கிறேன்.

போன மாதம் அவர் கடையைக் காலி செய்யும்போது உதவிக்குப் போனேன். சுவரில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, அதே படத்தின் சின்னப் பிரதி ஒன்று. அதே நாள், அதே மை, அதே காகிதம். ஒரே ஒரு வித்தியாசம், இதற்கு லேமினேஷன் போட்டிருந்தார். கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் மயில்கழுத்து மயில்கழுத்தாகவே இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கழற்றி என் கையில் கொடுத்தார். மை ஒன்றே, படம் இரண்டு விதம். அப்படியென்றால் நான் இத்தனை நாள் சொன்ன காரணம் முழுக் காரணம் இல்லை. அங்கிருந்துதான் இந்தத் தேடல் ஆரம்பித்தது.

கதையை மையிலிருந்து அல்ல, அதைப் பீய்ச்சும் தலையிலிருந்து தொடங்க வேண்டும். 1977-இல் கேனன் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் மேசையில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டது, முனையிலிருந்து மை தெறித்தது, அதிலிருந்து பபிள்ஜெட் பிறந்தது என்பது அந்தக் கம்பெனி சொல்லும் கதை. கம்பெனிகள் சொல்லும் பிறப்புக் கதைகளை நான் அப்படியே நம்புவதில்லை. ஆனால் விஷயம் சரிதான்: மையைச் சட்டென்று சூடாக்கினால் ஒரு குமிழி கிளம்பும், அது எதிரே உள்ள துளியை வெளியே தள்ளும். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஹெச்.பி.யில் ஜான் வாட் என்பவரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். 1984-இல் வந்த திங்க்ஜெட்டின் தலையில் 12 துளைகள்தான். ஆனால் அதில் ஒரு பெரிய முடிவு ஒளிந்திருந்தது. சூடாகிச் சூடாகித் தலை தேயும் என்பதால் தலையையும் மையையும் ஒரே டப்பாவில் வைத்தார்கள். மை தீர்ந்தால் தலையோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரீஃபில் தொழில் பிறந்தது இங்கேதான். தலை இன்னும் நன்றாக இருக்கும்போது மை மட்டும் தீர்ந்துபோகிறது. ஊசியால் மேலே ஒரு ஓட்டை, உள்ளே மை, ஓட்டைக்கு டேப். நாலைந்து முறை ஓடும். தலை போனால் போகட்டும், புதுக் கார்ட்ரிட்ஜோடு புதுத் தலை வந்துவிடும்.

எப்சன் வேறு வழியில் போனது. மின்சாரம் கொடுத்தால் வளையும் பீசோ பொருள் மையை நெட்டித் தள்ளும், சூடே கிடையாது. 1994-இல் வந்த ஸ்டைலஸ் கலர் 720 டி.பி.ஐ. கொடுத்தபோது வீட்டு மேசையில் போட்டோ அச்சடிக்கலாம் என்ற ஆசை முதன்முதலாக நியாயமானதாகத் தெரிந்தது. சூடு இல்லாததால் பலவகை மைகளைப் பயன்படுத்த முடியும், சாய மை, நிறமி மை இரண்டும். ஆனால் தலை இயந்திரத்திலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அது அடைத்துப் போனால் மாற்றும் செலவில் இன்னொரு பிரிண்டர் வாங்கிவிடலாம்.

மாமாவின் பக்தி, பயம் எல்லாம் அந்தத் தலைமேல்தான். தினமும் கடை திறந்ததும் முதல் வேலை நாசில் செக். கோடுகளில் எங்காவது விட்டுப்போயிருந்தால் ஒருமுறை கிளீனிங், அதோடு நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். "திருப்பித் திருப்பி கிளீனிங் கொடுக்காதடா, காத்து உள்ள போயிடும், மையும் வீணாகும்." சும்மா சொன்னதில்லை. ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சிய மை இயந்திரத்தின் அடியில் உள்ள பஞ்சுப் பட்டைக்குப் போகிறது. அதைக் கணக்கு வைக்கும் கவுன்டர் ஒன்று உள்ளே ஓடுகிறது. அது எல்லையைத் தொட்டால் பிரிண்டர் நின்றுவிடும்.

பாட்டில் வைக்கும் உயரமும் ஒரு சாஸ்திரம். பிரிண்டர் நிற்கும் அதே தளத்தில்தான் பாட்டில்களும் இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் மை தானாக இறங்கித் துளை வழியே ஒழுகும், கீழே வைத்தால் பின்னுக்கு இழுத்துக் காற்று ஏறும். துளையின் வாயில் மை வெளியே சிந்தாமலும் உள்ளே ஓடாமலும் நிற்க மிக லேசான ஓர் உள்ளிழுப்பு தேவை. கம்பெனி கார்ட்ரிட்ஜில் ஸ்பாஞ்சோ வால்வோ அந்த வேலையைச் செய்கிறது. மாமாவின் கடையில் ஒரு மரப்பலகை செய்தது.

எல்லாவற்றையும்விட அவரைப் படுத்தியது கரண்ட். பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால் தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும், மை காயாது. சுவர் சுவிட்சில் அணைத்தாலோ, அச்சடிக்கும்போது கரண்ட் போனாலோ, தலை நடுவழியில் திறந்த வாயோடு நிற்கும். 2012-இல் தமிழ்நாட்டில் மாவட்டங்களில் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் மாமா இரண்டு தலைகளைப் பறிகொடுத்தார். பழியை மையின்மேல் போட்டது நான்தான்.

சரி, நிறம் ஏன் போனது? இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது, காரணம் இந்தக் கேள்வியை அங்கேதான் காசு கொடுத்துப் படம் வாங்கியவர்கள் முதலில் உரக்கக் கேட்டார்கள். பாடகர் கிரகாம் நாஷ் நல்ல புகைப்படக்காரரும்கூட. பத்திரிகை, விளம்பரத் தொழிலில் மாதிரிப் பிரதி எடுப்பதற்காகச் செய்த ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தை 1,26,000 டாலருக்கு வாங்கி, 1991-இல் கலிஃபோர்னியாவின் மேன்ஹட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் திறந்தார். அங்கே வேலை பார்த்த ஜாக் டுகான் 'இங்க்ஜெட்' என்று சொன்னால் கலைக்கூடக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று பிரெஞ்சிலிருந்து 'ஜிக்லே' என்ற பெயரை உருவாக்கினார். பீய்ச்சுவது என்றுதான் அதற்கும் வேர்ப்பொருள். பெயர் அழகாக இருந்தது, மை நிற்கவில்லை. மாதிரிப் பிரதிக்கான மை சில வாரம் தாங்கினால் போதும் என்று செய்தது அது. வண்ணப் படங்கள் எத்தனை காலம் தாங்கும் என்பதையே வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்ட ஹென்றி வில்ஹெல்ம் சோதித்துச் சொல்லத் தொடங்கிய பிறகுதான், அழகைப் போலவே ஆயுளும் ஒரு கேள்வி என்று தொழில் ஒப்புக்கொண்டது.

2000-ஆம் வருஷம் நடந்ததைப் படித்தபோது எழுந்து கூடத்துக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வருஷம் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற மாடல்கள் வந்தன. பல ஆண்டுகள் நிறம் மங்காது என்று விளம்பரம். வாங்கிய சிலருக்குப் பளபளப்புக் காகிதத்தில் அடித்த படங்கள் சில நாட்களிலேயே ஆரஞ்சாகின. கம்பெனி மை, கம்பெனி காகிதம், கம்பெனி பிரிண்டர். லோக்கல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

காரணம் வெளிச்சம் அல்ல, காற்று. குறிப்பாக ஓசோன். அடித்தவுடன் காய வேண்டும் என்பதற்காக அந்த வகைக் காகிதத்தின் மேற்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். மை சட்டென்று இறங்கிவிடும். அதே துளை வழியாகக் காற்றும் இறங்கும். சாய மையில் முதலில் சிதைவது சயான் எனப்படும் நீலம். நீலம் போனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும், இரண்டும் சேர்ந்தால் செங்கல். அப்பாவின் காவி முகத்துக்கு விளக்கம் இதுதான். கூடத்துப் படத்துக்குக் கண்ணாடி போடவில்லை. மாமா போடச் சொன்னார், பளபளப்பு போய்விடும் என்று வேண்டாமென்றது நான்.

ஆனால் மாற்று மை எல்லாம் உத்தமம் என்றும் சொல்ல வரவில்லை. வில்ஹெல்ம் சோதித்த மாற்று மைகளில் பல, கம்பெனி மையைவிட வேகமாக வெளிறின. மாமாவின் பாட்டிலும் அந்த ரகமாகத்தான் இருந்திருக்கும். நான் சொல்வது வேறு: பிரிகோடு அசலுக்கும் லோக்கலுக்கும் நடுவில் ஓடவில்லை. சாய மை, நிறமி மை, துளைக் காகிதம், கண்ணாடி, இவற்றுக்கு நடுவில் ஓடுகிறது.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அச்சகம் நடத்தும் ஜான் கோன். அவரும் ஐரிஸ் காலத்து ஆள். 2000-இல் அவர் செய்தது, எப்சன் பிரிண்டரின் நான்கு வண்ணங்களையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் அடர்த்தி மாறுபடும் நான்கு கறுப்பு மைகளை ஊற்றியது. பீசோகிராஃபி என்று பெயர். வண்ண மைகளைக் கலந்து சாம்பல் நிறம் வரவழைக்கப் போய், பச்சையும் ஊதாவும் எட்டிப் பார்த்த காலத்தில் இது கறுப்பு வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய விடுதலை. 2005-இல் எப்சனே மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை கொண்ட பிரிண்டரைக் கொண்டுவந்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எது முன்னால் வந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இடையில் பூட்டுப் போடும் படலமும் நடந்தது. கார்ட்ரிட்ஜில் ஒரு சில்லு, அசல் இல்லையென்றால் பிரிண்டர் பேசாது. லேசர் டோனர் விஷயத்தில் லெக்ஸ்மார்க் 2002 கடைசியில் ஸ்டாடிக் கன்ட்ரோல் நிறுவனத்தின்மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. நகலெடுத்ததாகச் சொன்ன டோனர் புரோகிராம்களின் அளவு 37 பைட், 55 பைட். 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்குக் கிடைத்திருந்த தடையாணையை ரத்து செய்தது. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள், அதுவரை ஏற்றுக்கொண்ட மாற்றுக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. முன்பே போட்ட அப்டேட் அந்தத் தேதிக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஆசியாவில் சண்டை வேறு விதமாக முடிந்தது. இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் மாமா மாதிரி ஆட்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை, டியூப் போட்டார்கள். நம்ம ரிச்சி தெருவில் அந்த செட் சாதாரணமாகக் கிடைத்தது. 2010 அக்டோபரில் எப்சன் இந்தோனேசியாவில் ஒரு புது பிரிண்டரை இறக்கியது. பக்கவாட்டில் தொட்டி, பாட்டிலில் மை, ஊற்றிக்கொள்ளலாம். அடுத்து இந்தியாவுக்கும் வந்தது. பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் சம்பாதிக்கும் கணக்கை அங்கே தலைகீழாக்கினார்கள், இயந்திரத்துக்கு விலை கூட, மைக்குக் குறைவு. மாமா முதன்முதலாக அதைக் கடையில் பார்த்தபோது சொன்னாராம்: "நம்ம பலகையை உள்ள வச்சு மூடி போட்டிருக்கான், அவ்வளவுதான்."

லேமினேஷன் பிரதியை ஸ்கேன் செய்து, நிறத்தைக் கொஞ்சம் மட்டும் தூக்கி, என்னிடம் உள்ள பழைய பிரிண்டரில் போன ஞாயிறு அடித்தேன். நிறமி மை, அதுவும் மாற்று மைதான். ஒரு மாதம் சும்மா கிடந்ததால் பாட்டிலை மெதுவாகக் குலுக்கி ஊற்றினேன், நிறமி அடியில் தங்கிவிடும். நாசில் செக்கில் இளநீலத்தில் இரண்டு கோடு இல்லை. ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு, மாமா சொன்னபடி காத்திருந்தேன். ஒரு மணிநேரம் கழித்துக் கோடு முழுசாக வந்தது.

இரண்டு பிரதி. பின்பக்கம் பென்சிலால் தேதி, மை, காகிதம் எழுதினேன். ஒன்று கண்ணாடி போட்டுக் கூடத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில். இன்னொன்றை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பட்டுல பச்சை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.