பழவேற்காட்டு ஏரியில் பாடு: சாதி, தொழில், அடையாளம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காட்டிற்குச் செல்வோரை வழிகாட்டிகள் முதலில் அழைத்துச் செல்லும் இடம் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமாகும். அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே துயில்வோரின் பெயர், பதவி, மறைந்த நாள் யாவும் எழுத்துப் பிசகாமல் பொறிக்கப்பட்டுள்ளன. தொல்லியல் துறை அவற்றைப் பேணி வருகிறது. ஆனால் அக்கல்லறைகளுக்கு அருகே தலைமுறை தலைமுறையாக ஏரியில் வலைவீசி வாழும் மக்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டு இல்லை. அவ்வரலாறு 'பாடு' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல்லின் வழியே அம்மக்களின் வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையும் குப்பமும்

விசயநகர வேந்தரின் இசைவுடன் ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் 1612இல் அதனை அழித்தனர். அதன்பின் 1613இல் எழுந்ததே கெல்திரியாக் கோட்டை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வணிகத்தின் தலைநகராக இவ்வூர் விளங்கிற்று. இங்கிருந்து துணிகள் கீழை நாடுகளுக்குச் சென்றன. பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில் மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவிற்கு ஏற்றப்பட்டனர். 1825இல் ஊர் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரில் மட்டும் அது நிலைத்திருக்கிறது.

இப்பகுதி மீனவருள் பெரும்பான்மையோர் பட்டணவர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றிய பதிவு உண்டு. பட்டணத்தில் வாழ்வோர் என்பது இப்பெயரின் பொருள். பட்டணத்துப் பெயர் தாங்கிய மக்களின் இருப்பிடத்திற்கோ குப்பம் என்று பெயர். மீனவர் ஊரைக் குறித்த அச்சொல், பின்னாளில் சென்னை நகரத்தார் வாயில் ஏழைகளின் குடிசைப் பகுதியைக் குறிக்கும் இழிசொல்லாகத் திரிந்தது. தொழிலையும் இருப்பிடத்தையும் சாதியையும் ஒரே சொல்லால் தாழ்த்தும் நகரத்து மனப்பாங்கை இதில் காண்கிறோம்.

பாடு என்னும் முறை

பழவேற்காடு, சிலிக்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பரப்பு ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஆரணியாறு நன்னீர் தருகிறது. முகத்துவாரம் கடல்நீர் தருகிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை அண்டிய நீர்ப்பகுதியே வளம் மிகுந்தது. எல்லாரும் ஒரே நாளில் அங்கு வலை கட்டினால் ஒருவருக்கும் பயனிராது, பூசலே மிஞ்சும்.

இதற்கு விடையாகப் பிறந்ததே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தமக்குள் முறைவைத்து இந்நீர்ப்பகுதிகளில் வலை கட்டும் உரிமையைப் பகிர்ந்துகொண்டன. ஊருக்குள் உரிமை தலைக்கட்டின் வழி வரும். இன்று நல்ல இடம் பெற்றவர் மறுமுறை வேறிடம் செல்வார். செல்வர் என்றும் வறியர் என்றும் முறை பார்ப்பதில்லை. பிணக்கு நேர்ந்தால் ஊர்ப் பஞ்சாயத்தே தீர்த்து வைக்கும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு, அரசின் துணையின்றி மக்களே நீர்வளத்தைப் பேணும் வழக்காறாக இதனை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

தமிழில் பாடு என்பதற்கு இடம், உழைப்பு, துன்பம் எனப் பல பொருள்கள் உண்டு. வலையில் விழுந்ததை மீன்பாடு என்கிறோம். ஏரியில் ஒருவனுக்குரிய இடம், அவன் உழைப்பு, அவன் பெறும் மீன் ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்பது கருதத்தக்கது. அதன் நான்காவது பொருளாகிய துன்பம் யாருக்குரியது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

முறைக்கு வெளியே நிற்போர்

பாடு, உள்ளிருப்போர்க்கு நீதி, வெளியிலிருப்போர்க்கு மதில். பட்டணவர் அல்லாதார்க்கு அதில் பங்கில்லை. ஏரிக்கரையில் வாழும் ஆதிதிராவிட மக்களும் மீன்பிடிக்கின்றனர். ஆயினும் வளமான பாட்டு நீர் அவர்களுக்கு அடைபட்டே இருந்தது. கடலையே நம்பியிருந்த பிற பட்டணவர் ஊர்களும் இம்மூன்று ஊர்களின் முறைக்குப் புறத்தேதான் நின்றன. தலைக்கட்டு ஆணுக்குரியது, ஆதலால் மீனைச் சுமந்து சென்று விற்றுக் குடும்பம் காக்கும் பெண்ணின் பெயரிலும் முறை இல்லை.

எல்லாருக்கும் கீழே இருப்பவர் இருளர். அவர்களுக்குப் படகில்லை, பெருவலையில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பர். ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அகப்பட்டதை அதில் இடுவர். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறிய அக்கைகளின் திறனை எந்தத் தொழிற்கணக்கும் எழுதிவைப்பதில்லை. ஏரி கைவிட்ட காலத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் சென்று, குடும்பத்தோடு கொத்தடிமைகளானோர் திருவள்ளூர் மாவட்ட இருளரிடையே பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பின்னரும் இந்நிலை தொடர்ந்தது.

அடையாளம் குறித்த மற்றொரு சிக்கலும் உண்டு. ஆந்திரக் கரையில் யானாதியர் பட்டியல் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் பெயர் உண்டு. யானாதியர் பெயர் இல்லை. ஏரியில் தண்ணீருக்கு எல்லைக்கோடு இல்லை. ஆனால் கரை மாறினால் மனிதனின் பெயர் மாறுகிறது. பெயர் மாறினால் உரிமை மாறுகிறது. பட்டணவரும் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர்களே. தாமே ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம், தன்னினும் எளியோர்க்கு வாயிலடைத்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

சந்தையும் அரசும்

உறைய வைத்த இறால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியபின் ஏரியின் மதிப்பு உயர்ந்தது. முன்பு சோற்றுக்குத் துணையாயிருந்த இறால் பணமாயிற்று. பாட்டு உரிமையும் பணமாயிற்று. அதனால் வெளியிலிருந்தோர் தமக்கும் பங்கு கேட்டனர், மோதல்கள் எழுந்தன. அவர்கள் கேட்டது பேராசையன்று. தம் கண்முன் ஓடும் நீரில் ஓரிடமே.

இதற்கிடையே ஏரியும் சுருங்கிற்று. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது; அத்தீவின் யானாதியர் இடம்பெயர்க்கப்பட்டனர். 1971 அக்டோபரில் முதல் ஏவுகணை அங்கிருந்து எழுந்தது. இன்றும் ஏவும் நாள்களில் சுற்றுக்கடலில் மீன்பிடிக்கத் தடை உண்டு. 1980இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாயிற்று. தெற்கே 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவதும் ஓயாத துயராயிற்று. முகத்துவாரம் அடைபட்டால் பாடு உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் இறால் இல்லை. ஆயினும் படகும் வலையும் உள்ளவன் கடலுக்குப் போகலாம். பறியைக் கடித்து நிற்பவள் போக வேறிடமில்லை.

நிறைவாக

நெய்தல் நிலத்தைப் பயிலும் நாம் பரதவர், நுளையர், வலைஞர், திமிலர் எனப் பெயர்களைப் பட்டியலிட்டு உரை சொல்கிறோம். அப்பெயர்களுக்கிடையே இருந்திருக்கக்கூடிய உயர்வு தாழ்வுகளை வகுப்பறையில் நாம் கேட்பதில்லை. பழவேற்காடு அவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பாடு அழிய வேண்டிய முறையன்று. முறைவைத்து உண்ணும் அறம் அதில் இருக்கிறது. தனியொருவன் ஏரியை விழுங்காமல் காத்ததும் அதுவே. அவ்வறம் சாதியின் எல்லையில் நின்றுவிட்டது என்பதே அதன் குறை. ஊருக்குள் வறியவனுக்கும் ஒரு முறை உண்டு என ஒப்புக்கொண்ட அந்த நெஞ்சம், ஏரியில் இறங்கும் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு என ஒப்புக்கொள்ளுமாயின், பழவேற்காட்டின் உண்மையான நினைவுச்சின்னம் கல்லறைத் தோட்டமாக இராது, ஏரியாகவே இருக்கும்.