ஒரு குழாயா, இரண்டா?

காருக்கு இரண்டாவது புகைக்குழாய் பொருத்தினால் வேகம் கூடுமா? ரயில் எஞ்சின்களின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

1856 ஜூலை 1இல் ராயபுரம்–வாலாஜா ரோடு ரயில் போக்குவரத்து அரக்கோணம் வழியே தொடங்கியது. அந்த நீராவி எஞ்சின்கள் 'குப், குப்' என்று ஒலித்ததேன்? சிலிண்டரில் வேலை முடித்த நீராவி, ஒரு குழல்வாய் வழியே புகைபோக்கியில் பாயும்; கூடவே அடுப்பின் புகையையும் இழுத்துச் செல்லும். அதனால் நெருப்புக் கொழுந்துவிட்டு எரியும். குழல்வாய் குறுகினால் இழுப்பு மிகும். ஆனால் வெளியேற இயலாத நீராவி பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். அகன்றாலோ நெருப்பு மங்கும்!

பின்லாந்தின் கிலாலா நீராவித் தாரையைப் பல கிளைகளாகப் பிரித்தார். பிரான்சின் ஷாபலோன் அதைச் செம்மைப்படுத்தினார். இவ்வமைப்பை இரண்டு புகைபோக்கிகளுடன் பெற்ற இங்கிலாந்தின் 'மல்லார்டு', 1938 ஜூலை 3இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

1923இல் பிறந்த 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' 1959இல் இதைப் பெற்றது. புது எஞ்சின் வாங்காமலே திறன் உயர்ந்தது. ஆனால் நீராவியின் வீச்சுத் தணிந்ததால் புகை தாழ்ந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. 1961இல் புகைவிலக்கித் தகடுகள் பொருத்த நேர்ந்தது.

ஆகவே நண்பர்களே, காருக்குச் செலவிடுமுன் கேளுங்கள்: இருக்கும் குழாய் உண்மையிலேயே எஞ்சினின் மூச்சைத் தடுக்கிறதா? இல்லையெனில் இரண்டாவது குழாய் வெறும் அலங்காரமே!