பெயர் எழுதப்படாத துறைமுகம்

இரு தேசத்தார் தம்முள் வியாபாரம் செய்யுங்கால், ஒருவர் கப்பலுக்கு மற்றவர் துறைமுகத்தில் எவ்வளவு தீர்வை விதிப்பது என்னும் கேள்வி அற்பமாகவே தோன்றும். ஆயினும் இக்கேள்வியை முன்னிட்டு வல்லரசுகள் பல்லாண்டுக் காலம் மல்லாடின. அவ்வழக்கு ஒருவாறு தீர்ந்த வரலாற்றில் நம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பங்குண்டு.

1651-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஒரு கப்பற் சட்டம் இயற்றிற்று. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் சரக்குகள் ஆங்கிலேயர் கப்பல்களிலேயே அந்நாட்டுக்கு வரவேண்டும் என்பது அதன் கருத்து. பின்னர் விடுதலை பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளும் அதே ஆயுதத்தைக் கையாண்டன. 1789-இல் அவர்கள் இயற்றிய சட்டப்படி, அமெரிக்கரது கப்பல் தன் கொள்ளளவில் டன்னுக்கு 6 சென்ட் செலுத்தினால் போதும். அந்நியர் கட்டி அந்நியருக்கே உரிமையான கப்பலோ டன்னுக்கு 50 சென்ட் செலுத்தவேண்டும். நம் கிராணிமார் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: 300 டன் கப்பலொன்றுக்கு உள்நாட்டான் கொடுப்பது 18 டாலர், அந்நியன் கொடுப்பது 150 டாலர். இந்த வித்தியாசம் சரக்கின் தரத்தைப் பார்த்து ஏற்பட்டதன்று; கப்பல் பிறந்த இடத்தையும் அதன் உடையவனையும் பார்த்து ஏற்பட்டது. பிறப்பைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் கொடுமையை அனுபவித்த நமக்கு இதன் அநியாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒருவர் வரியை உயர்த்த மற்றவரும் உயர்த்தினால் நஷ்டம் இருவருக்குமே என்பதைக் காலம் கற்பித்தது. 1812-இல் மூண்ட யுத்தம் ஓய்ந்தபின், 1815 ஜூலை 3-ஆம் நாள் இலண்டனில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அமெரிக்காவுக்கும் பிரிட்டனின் ஐரோப்பியப் பகுதிகளுக்கும் இடையே செல்லும் கப்பல்களுக்கு, எக்கொடி பறப்பினும், உள்நாட்டுக் கப்பலுக்குள்ள தீர்வையே விதிக்கப்படும் என முடிவாயிற்று. நீ விலக்கினால் நானும் விலக்குவேன் என்பதே இதன் சாரம். 1823-இல் ஹஸ்கிசன் என்னும் மந்திரியின் முயற்சியால் பிறந்த சட்டம், இம்முறையைப் பிற நாடுகளுக்கும் விரிக்க வழி செய்தது. 1849-இல் பழைய கப்பற் சட்டங்களும் பெரும்பாலும் ஒழிந்தன.

இனிக் கீழ்த்திசைக்கு வருவோம். அதே 1815 உடன்படிக்கை, அமெரிக்கக் கப்பல்கள் கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்கு என்னும் நான்கு துறைமுகங்களுக்கு வரலாம் என்றது. ஆங்கு ஏற்றிய சரக்கை நேரே தம் நாட்டுக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்பது நிபந்தனை. நான்கு பெயர்கள், ஐந்தாவது பெயர் இல்லை. ஏனெனில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்தது 1819-இல்தான்!

அதனால் விளைந்த வேடிக்கையைக் கேளுங்கள். இறக்குமதி வரியும் ஏற்றுமதி வரியும் இல்லாத துறைமுகம் என்று சிங்கப்பூர் புகழ்பெற்றது. சீனரும் பூகிஸ்காரரும் தடையின்றி வந்து வணிகம் செய்தனர். அமெரிக்கருக்கு மட்டும், காகிதத்தில் பெயரில்லை என்னும் காரணத்தால், அங்கு வாணிபம் மறுக்கப்பட்டது. அவர்கள் அருகிலிருந்த ரியாவ், பத்தாம் தீவுகளின் பக்கம் நங்கூரமிட்டுச் சரக்கை மாற்றிக்கொண்டனர். 1825-இல் அமெரிக்கக் கப்பலொன்று பிரிட்டிஷ் போர்க்கப்பலால் பிடிக்கப்பட்டுக் கல்கத்தாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. யோசேப் பலெஸ்தியர் என்பார் முதலில் ரியாவுக்கு அமெரிக்கக் கன்சலாக நியமனம் பெற்று, 1836-இல் சிங்கப்பூருக்கே கன்சலானார். 1840-ஆம் ஆண்டளவில் அத்தடை நீங்கிற்று. அவர் மனைவியார் 1843-இல் புனித அந்திரேயா கோயிலுக்கு அளித்த அமெரிக்க மணி, அக்காலத்தின் சாட்சியாகச் சிங்கப்பூர் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது.

இவ்வரலாற்றில் மற்றொரு பெயரும் விடுபட்டுள்ளது. சென்னைத் துறைமுகத்தைத் திறந்துவிட்டவர் யார்? இலண்டனில் அமர்ந்தவர்கள். சென்னையின் நெசவாளியை எவரும் கேட்கவில்லை. அவன் நெய்த துணி இங்கிலாந்தில் கனத்த வரி கொடுக்க, இங்கிலாந்தின் ஆலைத்துணி அவன் ஊருக்குள் சொற்ப வரியோடு நுழைந்தது. பரஸ்பரம் என்னும் அழகிய சொல், சமமாக எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்கே பலன் தந்தது. கூடத்துக்கு வெளியே நின்றவனுக்கு அது எட்டவில்லை.

சகோதரர்களே! கைந்நாட்டு வைத்துக் கடல் கடந்தவர்களின் மக்கள் நாம். எழுதப்படாத பெயருக்கு உரிமையில்லை என்பதைத் துறைமுகமே நமக்குக் கற்பிக்கின்றது. படிக்கக் கற்போம்; ஒப்பந்தம் எதுவாயினும், அதில் நம் பெயர் எங்கே என்று முதலில் தேடுவோம்.